இரண்டாவது பிரேக்

பாப்பா மிதித்தாள்.

எந்தக் கால் என்று யோசிக்க நேரமில்லை. இரண்டு கால்களையும் சேர்த்து, உடம்பே இருக்கையை விட்டு எழும்புகிற வேகத்தில் தன் பக்கத்துப் பிரேக்கை மிதித்தாள். வண்டி கிறீச்சிட்டுக் குனிந்து, நிமிர்ந்து, நின்றது. பானெட்டுக்கு முன்னால், கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் காய்கறிப் பையோடு ஒரு பெண். பையிலிருந்து ஒரு தக்காளி குதித்து உருண்டு வந்து முன்சக்கரத்தில் முட்டிக்கொண்டது. அந்தப் பெண் தக்காளியைப் பார்த்தாள், வண்டியின் தலையில் இருந்த டிரைவிங் ஸ்கூல் பலகையைப் பார்த்தாள், கடைசியாகப் பாப்பாவைப் பார்த்தாள்.

"நல்லா கத்துக்குடுக்கிறீங்கம்மா! இன்னும் நாலு பேரு ரோட்டுல மிச்சம் இருக்காங்க, அவங்களையும் ஒரு கை பாத்துடுங்க!"

ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் கற்றுக்கொள்கிறவர் இல்லை. எழுபதைத் தாண்டியவர். அந்த ஊரில் வண்டி ஓட்டுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கிளட்ச் எது, பிரேக் எது என்று சொல்லிக்கொடுத்தவர். ஊருக்கே மாஸ்டர். பாப்பாவுக்கு அப்பா. அவர் முகத்தில் பதற்றத்தின் சாயலே இல்லை. நாற்பதைத் தாண்டிய மகளை, முதல் நாள் வகுப்புக்கு வந்தவளைப் பார்க்கிற மாதிரி பொறுமையோடு திரும்பிப் பார்த்தார்.

"பிரேக்க இப்படி மிதிக்கக் கூடாது பாப்பா. தூங்கற பூனை மேல கால் படற மாதிரி படணும். மொதல்ல தொடு. அப்புறம் அமுக்கு."

"சரிப்பா."

"கண்ணாடி பாத்தியா?"

"பாத்தேம்பா."

பின்சீட்டில் அம்மா எதுவுமே நடக்காத மாதிரி பேச்சைத் தொடர்ந்தாள். "ஏங்க, அந்த மருந்துக்கடைக்காரன் பாத்தீங்களா, இடது பக்கம் திரும்பற முனையில எம்மாம் பெரிய போர்டு மாட்டியிருக்கான்! கடை இத்துனூண்டு. போர்டு கடலளவு."

மாஸ்டர் இடது பக்கம் பார்த்தார். இண்டிகேட்டர் டிக் டிக் என்றது. வண்டி வழுக்கிக்கொண்டு வீட்டுத் தெருவுக்குள் திரும்பியது. பாப்பா தன் காலைப் பிரேக்கின் மேலேயே வைத்திருந்தாள். ஒரு உயிர் மயிரிழையில் தப்பியிருக்கிறது, இவளுக்கு மருந்துக்கடை போர்டு! அம்மாவின் வாய்க்குப் பூட்டுப் போடுகிற ஆள் இன்னும் பிறக்கவில்லை.

டிரைவிங் ஸ்கூல் வண்டிக்கு இரண்டு பிரேக். ஓட்டுகிறவர் காலடியில் ஒன்று, இடப்பக்கத்தில் உட்கார்ந்து சொல்லிக்கொடுப்பவர் காலடியில் இன்னொன்று. மாஸ்டரின் வாழ்க்கை முழுக்க அந்த இடப்பக்கத்து இருக்கையில்தான் போனது. வெயிலும் மழையுமாக, முழங்கையை ஜன்னலில் வைத்துக்கொண்டு, பக்கத்தில் ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்து வியர்க்கிறவர்களுக்குத் தைரியம் சொல்லிக்கொண்டு. அவர் சத்தம் போட்டு யாரும் கேட்டதில்லை. தண்ணீர் நிரம்பிய டம்ளரை டாஷ்போர்டில் வைப்பார். "தண்ணி சிந்தாம அந்த முனை வரைக்கும் போயிட்டு வாங்க. சிந்துனா நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். என் சட்டைதான் நனையும்." அந்தச் சட்டைக்காகவே ஜனங்கள் ஒழுங்காகக் கற்றுக்கொண்டார்கள். பல் டாக்டர், பூக்கடைக்காரி, கணவனிடம் சொல்லாமல் கற்றுக்கொள்ள வந்த குடும்பப் பெண்கள், ஓய்வுபெற்ற பிறகு ஆசைப்பட்டு வந்த தலைமையாசிரியர்... சிக்னலில் வண்டி நின்றால் நாலா பக்கமும் "வணக்கம் மாஸ்டர்" என்று ஜன்னல்கள் இறங்கும். சின்ன வயதில் பாப்பா பின்சீட்டில் உட்கார்ந்து அதைப் பார்த்து, அப்பாதான் இந்த ஊருக்கு ராஜா என்று நெடுநாள் நம்பியிருந்தாள்.

ஸ்கூலைப் பாப்பாவின் கையில் கொடுத்த அன்று அவர் ஒன்றுதான் கேட்டார். "காலம் பூரா இடது பக்கமே உக்காந்துட்டேன். இனிமேலாவது வலது பக்கம் உக்காந்து ஜாலியா ஓட்டிக்கிறேன். தினம் ஒரு ரவுண்டு." அப்படி ஆரம்பித்ததுதான் காலை ரவுண்டு. தண்ணீர்த் தொட்டி, பூங்கா, மருந்துக்கடை, வீடு. அவர் ஓட்ட, பக்கத்தில் பாப்பா, பின்னால் அம்மா.

மறதி எப்போது வந்து குடியேறியது என்று யாராலும் சரியாகச் சொல்ல முடியவில்லை. அவர் இன்னும் ஒன்றிரண்டு வகுப்புகள் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், கூச்ச சுபாவமுள்ள ஒரு லைப்ரரிக்காரர் கற்றுக்கொள்ள வந்தார். ஒரு வாரம் கழித்துப் பாப்பா அவரிடம் எப்படிப் போகிறது என்று விசாரித்தாள். "அருமையா சொல்லித் தர்றார் மேடம். அடிப்படை ஸ்ட்ராங்கா இருக்கணும்னு நினைக்கிறார் போல. தினமும் முதல் கியரே சொல்லித் தர்றார். தினமும் என் பேரைக் கேட்கிறார்." பாப்பா சிரித்துவிட்டாள். வீட்டுக்கு வந்து சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டரும்தான் சிரித்தார். அம்மா மட்டும் சிரிக்காமல் எழுந்து உள்ளே போனது பாப்பாவுக்கு ரொம்ப நாள் கழித்துத்தான் உறைத்தது.

ஞாபக டாக்டரிடம் போனபோது அந்த அம்மாள் படம் போட்டுக் காட்டி, பூசி மெழுகாமல் சொன்னார். இது வயசுக்கு வருகிற சாதாரண மறதி இல்லை, வியாதி. மெதுவாகப் போகும், ஆனால் முன்னால்தான் போகும், பின்னால் வராது. "இவருக்கு இப்போ எல்லாம் சொல்லத் தெரியுது. அதனால இப்பவே கேட்டு வையுங்க. பின்னாடி யார் பாத்துக்கணும், எங்க இருக்கணும், எது பிடிக்கும், எது பிடிக்காதுன்னு. நாள் போனா நீங்க ஊகிச்சுத்தான் பண்ண வேண்டியிருக்கும். ஊகிக்கிறது ரொம்பக் கஷ்டம்மா. குடும்பமே ரெண்டா போயிடும்." பிறகு பேனாவை மூடிக்கொண்டே, "வண்டி ஓட்டறாரா?" என்று கேட்டார்.

"ஓட்டறார் டாக்டர். நான் பக்கத்துல இருப்பேன். எங்க வண்டியில ரெண்டாவது பிரேக் இருக்கு."

"உங்க கால எடுத்துட்டா?"

பாப்பா எழுந்தாள். அந்தக் கேள்வியை அங்கேயே மேஜை மேல் விட்டுவிட்டு வந்தாள். டாக்டர் கேட்கச் சொன்னதையும் அவள் அப்பாவிடம் கேட்கவில்லை. கேட்டால் அது நிஜமாகிவிடும் என்று ஒரு பயம். வேறு குடும்பமாக இருந்தால் அப்போதே சாவியைப் பிடுங்கிப் பீரோவில் வைத்துப் பூட்டியிருப்பார்கள். இந்தக் குடும்பத்துக்குத்தான் கூடுதலாக ஒரு பிரேக் இருந்ததே! அவர் மிதிக்க மறந்த இடத்திலெல்லாம் இவள் மிதித்தாள். அவர் பார்க்காத வண்டியை இவள் பார்த்தாள். அவர் நன்றாகத்தான் ஓட்டுகிறார் என்று ஊருக்குச் சொல்லி, வெளியூரில் இருக்கிற அண்ணனுக்குச் சொல்லி, கடைசியில் தானே நம்பியும் விட்டாள்.

இன்று அந்தத் தக்காளி உருண்டு வரும் வரைக்கும்.

வண்டியை ஷெட்டில் விட்டு உள்ளே நுழைந்தபோது ஸ்கூல் போன் அடித்துக்கொண்டிருந்தது.

"பாலத்துக்கு அந்தப் பக்கம், மறதிக்காரங்க ஹோம்லேர்ந்து பேசறேம்மா. நீங்க பதிஞ்சு வெச்சிருந்தீங்கல்ல, ஜன்னல் பக்கத்து ரூம்? அது காலியாகுது. உங்க முறை வந்துருச்சு. வேணுமா வேண்டாமான்னு வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லிடுங்க."

"நாங்க பதியவே இல்லையே! நம்பர் மாறிக் கூப்பிட்டிருப்பீங்க."

"டிரைவிங் ஸ்கூல்தானேம்மா? மாஸ்டருக்குத்தானே? கணவனும் மனைவியுமா வந்து பாத்துட்டுப் போனதா முன்னாடி இருந்த சிஸ்டர் சொல்லிட்டுப் போனாங்க. நான் இங்க புதுசு. ரொம்ப விவரமா விசாரிச்சாங்களாம். ரோட்டைப் பாத்த ஜன்னல்தான் வேணும்னு சொன்னாங்களாம்."

பாப்பா போனை வைத்தாள். கணவனும் மனைவியுமாம். வேறு யார்? அண்ணனும் அண்ணியும்தான். போன தடவை வந்தபோது ஷாப்பிங் என்று சொல்லிவிட்டு இருவரும் ஒரு பகல் முழுக்கக் காணாமல் போனார்களே! ஷாப்பிங் போனவர்கள் ஒரு பையோடு கூடத் திரும்பவில்லையே! அண்ணனை அழைத்தாள்.

"அப்பாவக் கொண்டு போய்த் தள்றதுக்கு இடம் புடிச்சு வெச்சுட்டுத்தான் ஊருக்குப் போனியா நீ?"

"என்ன உளர்ற?"

"ஹோம்லேர்ந்து போன். ஜன்னல் பக்கத்து ரூமாம். கணவனும் மனைவியுமா வந்து பாத்தீங்களாம். அண்ணிக்கு ஜன்னல் பிடிச்சிருந்துச்சாமா?"

"பாப்பா, வாய அளந்து பேசு. நான் அந்தப் பக்கமே போகல. அன்னைக்கு உங்கண்ணிக்குப் பல் வலி, பல் டாக்டர் கிட்ட உக்காந்திருந்தோம். அம்மா கவலைப்படுவாளேன்னு ஷாப்பிங்னு சொன்னோம். நீயும் மாப்பிள்ளையும் போய்ப் பதிஞ்சுட்டு, நாளைக்கு ஊர் கேட்டா பழிய என் தலையில கட்டலாம்னு பாக்கறியா?"

"நானா? தினம் அவருக்குப் பல் தேய்ச்சு விடறது யாரு? நானா பதிவேன்?"

"தேய்ச்சு விடற. இல்லேங்கல. எத்தனை நாளைக்கு?" அண்ணனின் குரல் சட்டென்று இறங்கியது. "போன ஞாயித்துக்கிழமை வீடியோல அப்பா என்ன பாத்து, 'சார் எந்த ஊரு'ன்னு கேட்டார் பாப்பா. எனக்குச் சைக்கிள் கத்துக்குடுத்த மனுஷன். நான் ஊர் பேரச் சொன்னேன். 'நல்ல ஊராச்சே, ரோடெல்லாம் அகலமா இருக்கும்'னார். நான் பாத்ரூம்ல போய் அழுதேன். உன்கிட்ட சண்டை போட எனக்குத் தெம்பு இல்ல. ஆனா ஒண்ணு சொல்றேன். யார் பதிஞ்சிருந்தாலும் நல்ல காரியம் பண்ணியிருக்காங்க. வேண்டாம்னு சொல்லிடாத."

பாப்பா சமையலறைக்கு வந்தாள். அம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். விஷயத்தைக் கேட்டதும் அவள் விரல் அப்படியே தட்டில் நின்றது.

"வேண்டாம்னு சொல்லிடு."

"யார் பதிஞ்சிருப்பாங்கம்மா?"

"யார் பதிஞ்சா என்ன? வேண்டாம்னு சொல்லிடு. இன்னும் அந்த நேரம் வரல."

"எந்த நேரம்?"

அம்மா தட்டை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போய்விட்டாள். பின்சீட்டில் வாய் மூடாதவள், வீட்டுக்குள் இந்த ஒரு பேச்சில் மட்டும் கல்லாகிவிடுவாள்.

அன்று மத்தியானமே பாப்பா சாவியை மாவு டப்பாவுக்குள் போட்டு மூடினாள். இனி ரவுண்டு கிடையாது. டாக்டர் சொன்னதை எப்போதோ கேட்டிருக்க வேண்டும். முதலில் பகல் நேரம் மட்டும் ஒரு ஹோமில் விட்டுப் பழக்கலாம், பிறகு பார்க்கலாம் என்று கூட அந்த டாக்டரம்மா வழி சொல்லியிருந்தார். வெள்ளிக்குள் முடிவு செய்தே ஆக வேண்டும். செய்யும் தைரியம்தான் எந்த டப்பாவிலும் இல்லை. எந்த முகத்தோடு போய் அவரிடம் சொல்வது? காலமெல்லாம் அடுத்தவர் கையில் ஸ்டியரிங்கைக் கொடுத்து, "நான் பக்கத்துல இருக்கேன், பயப்படாதீங்க" என்று சொன்ன மனிதரை, பக்கத்தில் யாருமில்லாத ஒரு அறையில் கொண்டு போய் விடுவதா?

மறுநாள் காலையில் அம்மாவுக்குக் காய்ச்சல். எழுந்து உட்காரக் கூட முடியவில்லை. மாஸ்டருக்கு அது தெரியவில்லை. குளித்து, தலை வாரி, சட்டைப் பையில் பேனா குத்தி, வாசலில் வந்து நின்றுவிட்டார். பாப்பா வண்டி ரிப்பேர் என்றாள். சரி என்றார். மறுபடி நின்றார். மெக்கானிக் வரவில்லை என்றாள். சரி என்றார். மறுபடி வந்து நின்று, "ஸ்டூடண்ட் காத்திருப்பாங்கம்மா, பாவம், லீவு போட்டுட்டு வந்திருப்பாங்க" என்று கேட்டைத் திறந்து தெருவில் நடக்க ஆரம்பித்தார். பின்னாலேயே ஓடிக் கூட்டிவந்தாள். மறுபடி நடந்தார். நாலாவது முறை அவர் கண்ணில் தண்ணீர் நின்றது. அதற்கு மேல் பாப்பாவால் முடியவில்லை. ஒரே ஒரு ரவுண்டு. கூட்டமில்லாத நேரம். மெதுவாக. இதுவே கடைசி.

மாவு படிந்த சாவியைத் துடைக்கிற சத்தம் கேட்டு உள்ளேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "பாப்பா! நான் இல்லாம அவர வண்டில ஏத்தாத! சொல்றேன் கேளு!"

"பக்கத்துல நான் இருக்கேம்மா. நீ வந்து என்ன பண்ணப் போற? பேசத்தானே போற? படு."

வண்டி கிளம்பியது. தண்ணீர்த் தொட்டி வரைக்கும் பிரமாதம். கை தன் வேலையைத் தானே செய்தது. கிளட்ச், கியர், கண்ணாடி. பார்க்க ஆசையாகத்தான் இருந்தது. வழக்கமாக நச்சுநச்சென்று பேச்சு கேட்கிற பின்சீட்டு காலியாக இருந்ததால் வண்டிக்குள் ஒரு அமைதி. தொட்டியடியில் வலது பக்கம் திரும்ப வேண்டும். திரும்பவில்லை. நேராகப் போனார். சரி, இன்று வேறு வழியில் போக ஆசைப்படுகிறார் என்று பாப்பா நினைத்தாள். அடுத்த முனையிலும் நேர். அதற்கடுத்த முனையிலும் நேர். பச்சை என்றால் போனார், சிவப்பு என்றால் நின்றார். ஆனால் திரும்பவே இல்லை. கடைகள் குறைந்தன. குடோன்களும் மரக்கடைகளும் வந்தன. பாப்பாவின் கால் பிரேக்கின் மேல் காத்திருந்தது. ஆனால் மிதிக்க ஒரு காரணமும் இல்லை. இப்படி ஒரு ஆபத்துக்கு அந்தப் பிரேக்கால் ஒன்றும் செய்ய முடியாது.

இரும்புக் குழாய்கள் அடுக்கியிருந்த ஒரு மைதானத்தின் ஓரத்தில் மாஸ்டர் வேகத்தைக் குறைத்தார். கண்ணாடி பார்த்தார். இண்டிகேட்டர் போட்டார். சாலை ஓரமாக, பரீட்சைக்கு நிறுத்துகிற மாதிரி அழகாக, சக்கரத்தை நேராக்கி நிறுத்தினார். நியூட்ரல். கைப்பிரேக். இரண்டு கைகளும் ஸ்டியரிங்கில். முன்கண்ணாடி வழியாகச் சாலையின் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு பாப்பாவின் பக்கம் திரும்பினார். முகத்தில் அப்படி ஒரு மரியாதை.

"மேடம், தப்பா நினைக்காதீங்க. இதுக்கு மேல எந்தப் பக்கம்னு நீங்க சொன்னீங்கன்னா, நான் ஓட்டிடுவேன்."

லைசென்ஸ் டெஸ்ட் எடுக்க வரும் அதிகாரிகளிடம் அவர் பேசுகிற குரல் அது. டெஸ்ட் அன்று அதிகாரி இந்த இடப்பக்க இருக்கையில் உட்காருவார். மாஸ்டர் பின்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுகிற பிள்ளைக்காக மனசுக்குள் சாமி கும்பிட்டுக்கொண்டிருப்பார்.

அந்த இடத்தில்தான் பாப்பாவுக்குப் பொறி தட்டியது. *மருந்துக்கடைக்காரன் பாத்தீங்களா, இடது பக்கம் திரும்பற முனையில...* நேற்றைக்கு மட்டுமா? *தொட்டியடியில வலது பக்கம் ஒரு தையல்கடை இருந்துச்சே, அந்தப் பொண்ணுக்குக் கல்யாணம் ஆயிருச்சாங்க. பூங்காவத் தாண்டி நேரா போனா காத்து எவ்வளவு சுகமா வருது பாருங்க. இதோ வந்துருச்சு நம்ம கேட்டு, பெயிண்ட் அடிக்கணும் இந்தத் தடவை.* தினம் தினம். ஊர்க்கதை, வம்பு, புலம்பல் என்று இவள் காதைப் பொத்திக்கொண்டதெல்லாம் ஊர்க்கதையே இல்லை. ஒவ்வொரு முனைக்கும் ஒரு வாக்கியம். இவள் காலால் காத்துக்கொண்டிருந்தாள், அம்மா வாயால் ஓட்டிக்கொண்டிருந்தாள். நடுவில் உட்கார்ந்திருந்த மனிதர் எப்போதோ வண்டியை விட்டு இறங்கிப் போய்விட்டிருந்தார்.

பாப்பா டெஸ்ட் அதிகாரி மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"டெஸ்ட் முடிஞ்சுது சார். வண்டிய ஆஃப் பண்ணுங்க."

அணைத்தார். சாவியைக் கழற்றி, கேட்காமலேயே அவளிடம் நீட்டினார். "பாஸா மேடம்?"

"பாஸ் சார். ரொம்ப நல்லா ஓட்டினீங்க."

"நான் ஓட்டல மேடம். எங்க மாஸ்டர் அப்படிச் சொல்லிக்குடுத்திருக்கார்." அவர் முகம் முழுக்கச் சிரிப்பு. இறங்கி வந்து, சாலையோரத்தில் அவள் கையைப் பிடித்துக் குலுக்கினார். குழாய் ஏற்றிக்கொண்டிருந்த ஆட்கள் ஒரு நிமிடம் வேலையை நிறுத்திவிட்டு, ஒரு கிழவரும் ஒரு பெண்ணும் கைகுலுக்கி, பெண் மட்டும் அழுவதை வேடிக்கை பார்த்தார்கள்.

திரும்பும்போது பாப்பா ஓட்டினாள். மாஸ்டர் இடப்பக்கம். உட்கார்ந்ததுமே அவர் முழங்கை தானாக ஜன்னலுக்குப் போனது. தோள் தளர்ந்தது. வீட்டுக்குள் நுழைந்து செருப்பைக் கழற்றியவர் மாதிரி ஒரு பெருமூச்சு. "கிளட்ச்ல கால வெச்சுக்கிட்டே ஓட்டாதீங்கம்மா, தேஞ்சுடும்" என்றார். "சரி மாஸ்டர்" என்றாள். பூங்கா பக்கத்தில், போக்குவரத்து ஒன்றுமே இல்லாத இடத்தில், அவர் சட்டென்று தன் பிரேக்கை மிதித்தார். பின்னால் வந்த வேன்காரன் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டி இவர்களின் மூன்று தலைமுறையையும் விசாரித்தான்.

"என்னப்பா? என்ன குறுக்க வந்துச்சு?"

"ஒண்ணும் வரல. நீங்க தயாரா இருக்கீங்களான்னு பாத்தேன்."

இந்தப் பிரேக்கையும் நாளைக்கே கழற்றச் சொல்லிவிட வேண்டியதுதான்.

வீட்டுக்கு வந்ததும் அவரைக் கூடத்தில் தன் கணவரின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு, பாப்பா நேராக அம்மாவின் அறைக்குப் போனாள். அம்மா தலையணையில் சாய்ந்து வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். காய்ச்சலில் கண் சிவந்திருந்தது.

"இவ்வளவு நாளா நீதான் வழி சொல்லிட்டு வந்தியா? என்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா நீ?"

அம்மா முழங்கையை ஊன்றி நிமிர்ந்தாள். "எங்க வரைக்கும் போனார்?"

"குடோன் தாண்டி. குழாய் அடுக்கி வெச்சிருப்பாங்களே, அந்த மைதானம்."

"நீ நிறுத்தினியா?"

"இல்ல."

"நல்லா யோசிச்சுச் சொல்லு. நீ பிரேக் போட்டு நிறுத்தினியா, இல்ல திரும்புங்கன்னு ஏதாவது சொன்னியா? அவரா நிறுத்தினாரா?"

"அவரேதாம்மா. ஓரமா, அழகா நிறுத்திட்டு, எந்தப் பக்கம்னு என்னையே கேட்டார். யார் நிறுத்தினா என்னம்மா இப்ப?"

அம்மா கண்ணை மூடிக்கொண்டாள். கூடத்திலிருந்து மாஸ்டர் மருமகனுக்கு முதல் கியரைப் பற்றி விளக்குவது கேட்டது. மருமகன் முதல் தடவை கேட்கிற மாதிரி "ஓகோ" போட்டுக்கொண்டிருந்தார்.

"ஹோமுக்குப் போன் பண்ணு," என்றாள் அம்மா. "ரூம் வேணும்னு சொல்லிடு."

"நேத்து வேண்டாம்னு நீதானே..."

"சொல்லிடு. அப்புறம் உங்கண்ணன் கிட்ட மன்னிப்புக் கேளு. அவனும் அவளும் எங்கயும் போகல."

"பின்ன யாரு போனது?"

"நாங்கதான்."

பாப்பா கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டரம்மா சொன்ன மறுவாரம். கண்ணாஸ்பத்திரிக்குப் போறோம்னு உன்கிட்ட சொல்லிட்டுப் போனோமே, அன்னைக்கு. 'பாப்பா என்கிட்ட எதுவும் கேக்க மாட்டா, அவளுக்கு மனசு வராது, நாமளே போய்ப் பாத்துட்டு வந்துடலாம் வா'ன்னார். அவர்தான் ஓட்டினார். அங்க போய் அந்த சிஸ்டரைக் கேள்வியா கேட்டுத் தள்ளினார். கூப்பிடறப்ப மாஸ்டர்னு கூப்பிடுவீங்களா, குளிக்க வைக்க ஆம்பளை ஆள் இருக்கா, என் சம்சாரம் பகல் பூரா கூட இருக்கலாமா, ரோட்டுல வண்டி போறது தெரியற மாதிரி ஜன்னல் இருக்கா. எல்லாம் பாத்து, அவர் கையாலயே பதிஞ்சுட்டு வந்தார்."

அம்மா தண்ணீர் கேட்டாள். குடித்தாள். டம்ளரைத் திருப்பிக் கொடுக்காமல் மடியிலேயே வைத்துக்கொண்டாள்.

"திரும்பி வரும்போது பாலத்து நடுவுல வண்டிய நிறுத்திட்டார். பாலத்துல நிறுத்தக் கூடாதுன்னு எத்தனை பேருக்குப் பாடம் எடுத்த மனுஷன்! பின்னாடி ஹார்னு, சத்தம், திட்டு. காதுலயே போட்டுக்கல. கைய இப்படி நீட்டினார். அடிச்சுச் சத்தியம் பண்ணுன்னார். நான் பண்ற வரைக்கும் வண்டிய எடுக்கல." அம்மா போர்வைக்கு மேல் தன் உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். "'என்னைக்கு நம்ம வீட்டுக்கு வழி தெரியாம நானா வண்டிய நிறுத்தறேனோ, அன்னைக்கு என்னை இங்க கொண்டு வந்து விட்டுடு. நான் வர மாட்டேன்னு அழுதாலும் விட்டுடு. பாப்பாவால முடியாது. நீதான் செய்யணும்'னார்."

"அம்மா..."

"சத்தியத்த நான் மீறல பாப்பா. அந்த நாள் வராம பாத்துக்கிட்டேன், அவ்வளவுதான்."

விரித்த உள்ளங்கையை அவள் மடக்கவே இல்லை.